கரண்ட் பிடித்தது இடுப்பில், கரைந்தது கழுத்தில்

நோர்வூட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். சித்தப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். கண்டுபிடிக்கும்போதே இடுப்பெலும்புக்கும் கழுத்துக்கும் பரவியிருந்தது. கழுத்துக் கட்டியில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்தார்கள். உடம்பு தாங்காது என்று கீமோ கொடுக்கவில்லை. இடுப்பு வலிக்காகக் கண்டியில் 5 நாள் கதிர்வீச்சு மட்டும், அதாவது நம்மாட்கள் சொல்கிற கரண்ட் பிடிப்பது.

வலி இரண்டு வாரத்தில் அடங்கியது. நாங்கள் எதிர்பார்த்தது அவ்வளவுதான். ஆனால் சித்தப்பாவுக்கு ஒரு பழக்கம், காலையில் லயத்து வாசலில் பிளேன்டீ குடித்துக்கொண்டே கழுத்துக் கட்டியைத் தடவிப் பார்ப்பார். எலுமிச்சங்காய் அளவு இருந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் சித்தியைக் கூப்பிட்டார். "இங்க வந்து தொட்டுப் பாரு, புளியங்கொட்டை மாதிரி ஆயிருச்சு."

ஸ்கேனில் நுரையீரல் கட்டியும் சிறுத்திருந்தது. கிளினிக்கில் டொக்டர் படத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு 'அப்ஸ்கோபல் விளைவு' என்றார். இலக்குக்கு அப்பால் நடப்பது என்று அர்த்தமாம், 1953இல் மோல் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் வைத்த பெயர். கதிர் பட்டுச் சாகும் புற்றுநோய்ச் செல்கள் சிதறும்போது அவற்றின் அடையாளம் வெளியே வருகிறது. நோயெதிர்ப்புச் செல்கள் அதைப் பழகிக்கொண்டு, அதே அடையாளம் உடம்பில் வேறெங்கே இருந்தாலும் தேடிப்போய்த் தாக்குகின்றன. கதிர்வீச்சு மட்டும் கொடுத்து இப்படி நடப்பது மிக அரிது. 1969 முதல் 2014 வரை மருத்துவ இதழ்களில் வந்தவற்றைத் தேடித் தொகுத்தவர்களுக்குக் கிடைத்ததே 46 பேர்தான்.

கஷாயத்தால்தான் கரைந்தது என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது எனக்குக் கோபமே வந்தது. அதை நம்பி இன்னொருவர் கிளினிக்கை நிறுத்திவிட்டால்? எட்டாவது மாதம் கட்டி மறுபடி வளர்ந்தது. அந்த எட்டு மாதத்தில்தான் மகளின் கல்யாணத்தைப் பார்த்தார்.

பண்டாரவளையிலிருந்து ஒரு பதில்

உங்கள் சித்தப்பாவுக்குக் கிடைத்தது என் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. அவருக்கும் நுரையீரல்தான். முதுகெலும்பில் ஒரே தடவை 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுத்தார்கள். மற்றக் கட்டிகள் அசையவில்லை.

நானும் இதைப் பற்றி டொக்டரிடம் கேட்டேன். நெதர்லாந்தில் நுரையீரல் புற்றுநோயாளிகள் 76 பேரிடம் செய்த ஆய்வைச் சொன்னார், 2019இல் வெளியானது. புற்றுநோயைத் தாக்க நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்து மட்டும் பெற்றவர்களில் 12 வாரத்தில் கட்டி சிறுத்தது 18 சதவீதம் பேருக்கு. முதலில் ஒரு கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுத்து, பிறகு அந்த மருந்தையும் கொடுத்தபோது 36 சதவீதம். ஆனாலும் ஆய்வாளர்கள் முன்கூட்டியே வைத்திருந்த அளவுகோலை அந்த வித்தியாசம் எட்டவில்லையாம். அந்த மருந்தின் விலையோ கொழுந்து பறித்து வாழ்கிற குடும்பத்துக்கு எட்டாதது.

அதனால் கரண்ட் பிடிக்கப் போகிறவர்கள் வலிக்காகப் போங்கள். வலிக்கு அது பெரும்பாலும் கேட்கும் என்று அம்மாவைப் பார்த்துச் சொல்கிறேன். மூன்று மாதமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இரவைக் கழித்தவர், அதற்குப் பிறகு பாயில் மல்லாந்து படுத்துத் தூங்கினார்.