நாப்கின் வந்தது, தண்ணீர் வரவில்லை: அரசுப் பள்ளியில் எதற்கு முதலில் செலவு?

வைகைக்கரை:
ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். என் மகள் அங்கேதான் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன கூட்டத்தில் ஊர்க்காரர் ஒருவர், காசு போட்டால் நாப்கின் வரும் இயந்திரம் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றார். நல்ல மனசுதான். ஆனால் நான் வேண்டாம் என்றேன். அந்தப் பணத்தில் பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பும் கதவுகளுக்குத் தாழ்ப்பாளும் போட்டுத் தரக் கேட்டேன். ஒரு பெண்ணே இதைத் தடுக்கலாமா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நாப்கின் நம் மாநிலத்தில் புதுச் சங்கதி இல்லை. 2011-ல் அறிவித்த புதுயுகம் திட்டத்தில் கிராமப்புறத்து 10 முதல் 19 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 24 வயதுப் பெண்களில் மாதவிடாய்க்குச் சுகாதாரமான பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் நாடு முழுக்கச் சுமார் 78 சதவீதம், தமிழ்நாட்டில் சுமார் 98. பொருள் கைக்கு வந்துவிட்டது. மாற்றுவதற்கு இடம்தான் இல்லை.

எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பையை மாட்ட ஓர் ஆணி கிடையாது. பழையதைப் போட மூடி வைத்த வாளி கிடையாது, நோட்டுத் தாளில் சுற்றி ஜன்னல் இடுக்கில் செருகிவிட்டு வருகிறார்கள். மோட்டாரைக் காலையில் ஒரு தடவை போடுவார்கள், பதினொரு மணி இடைவேளையோடு தொட்டி காலி. காலை எட்டு மணிக்கு வைத்த நாப்கினோடுதான் என் மகள் ஐந்து மணிக்கு வீடு வருகிறாள். கழிப்பறைக்குப் போகவேண்டி வருமே என்று பகல் முழுக்கத் தண்ணீரும் குடிப்பதில்லை.

மேட்டுக்காடு:
எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். கழிப்பறை விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், கட்டித் தரவேண்டியது அரசின் கடமை. ஆனால் நாப்கின் கொடுப்பது பள்ளிக்கூடத்தின் வேலையா? 2018 ஜூலையில் நாப்கினுக்கு ஜிஎஸ்டியையே எடுத்துவிட்டார்கள். 2019-லிருந்து மத்திய அரசின் மலிவு விலை மக்கள் மருந்தகத்தில் ஒன்று ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பெற்ற பிள்ளைக்கு இதைக்கூட வாங்கித் தராத தகப்பன் என்ன தகப்பன்? இலவசம் என்றாலே தரம் போய்விடும். ஒட்டாத நாப்கினைக் கொடுத்துவிட்டுக் கணக்கு எழுதிக்கொள்வார்கள். இயந்திரமும் வேண்டாம், இலவசமும் வேண்டாம். எல்லாப் பணத்தையும் கட்டடத்தில் போடட்டும்.

சுண்ணக்கட்டி:
முப்பது வருஷத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மேட்டுக்காடு தம்பிக்கு முதலில் பதில் சொல்கிறேன். பிள்ளைக்குச் சோறு போடுவதும் பெற்றவர் கடமைதான். ஆனாலும் 1956-ல் காமராஜர் மதிய உணவை மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார், 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். பெற்றவரின் கடமையை நினைவூட்டிவிட்டு அவர்கள் சும்மா இருந்திருந்தால் என் வகுப்பில் பாதி பெஞ்ச் காலியாக இருந்திருக்கும். ஒரு ரூபாய் நாப்கின் விற்கும் மருந்தகம் எந்தக் கிராமத்தில் இருக்கிறது? பஸ் ஏறித் தாலுகா ஊருக்குப் போகவேண்டும். தகப்பனிடம் அந்தக் காசைக் கேட்க எத்தனை பிள்ளைகளுக்கு வாய் வரும்? தாய் இல்லாத பிள்ளைகள், பாட்டி வீட்டில் வளர்கிற பிள்ளைகள், அம்மா செங்கல் சூளைக்குப் போய்விட்ட பிள்ளைகள் எல்லாம் என் வகுப்பில் இருந்தார்கள்.

இப்போது வைகைக்கரை. 98 சதவீதம் என்கிற கணக்கைக் காட்டி நாப்கின் பிரச்சினை முடிந்துவிட்டது என்கிறீர்கள். அது ஏற்பதற்கில்லை. புதுயுகத்தில் கிடைப்பது இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு. மொத்தம் 18, அதாவது மாதத்துக்கு ஒன்பது. நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லி நாமே வகுப்பில் பாடம் நடத்துகிறோம். ஐந்து நாளுக்கு ஒரு நாளைக்கு மூன்று என்று வைத்தாலும் பதினைந்து வேண்டும். மீதி ஆறுக்கு எங்கே போவாள்? துணி வைப்பாள், இல்லையென்றால் ஒன்றையே நாள் முழுக்க வைத்துக்கொள்வாள். கணக்கெடுப்பில் அவளும் சுகாதாரமான பொருளைப் பயன்படுத்துகிறவள்தான். உங்கள் மகள் ஐந்து மணி வரை மாற்றாமல் வருவதற்குக் கதவு ஒரு காரணம். கையில் எண்ணி வைத்திருக்கிற எண்ணிக்கையும் ஒரு காரணமாக இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், கொடுக்கிற நாப்கின் எங்கே இருக்கிறது? பல பள்ளிகளில் பீரோவுக்குள். சாவி ஓர் ஆசிரியையிடம். அவர் விடுப்பு என்றால் பீரோவும் விடுப்பு. கணக்கு வாத்தியார் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது, பையன்கள் நடுவிலே எழுந்து, என்ன காரணம் சொல்லி ஒரு பிள்ளை வெளியே வருவாள்? இயந்திரம் யாரையும் ஏன் என்று கேட்காது. அதற்காகவாவது அது வேண்டும்.

புள்ளிக்கோலம்:
உணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு ஆதாரத்தைப் பார்க்கலாம். நேபாளத்தின் சித்வன் பகுதியில் 198 மாணவிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2011-ல் வெளியானது. குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு மாதவிடாய்க் குப்பி கொடுத்தார்கள். நாப்கினுக்குப் பதிலாக உடலுக்குள் வைத்து, கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சின்னக் கிண்ணம் அது. பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது, பயன்படுத்தவும் செய்தார்கள். ஆனால் வருகை கூடவில்லை. மாதவிடாயால் ஒரு மாணவி தவறவிடுவது ஒரு பள்ளி ஆண்டில் அரை நாள்கூட இல்லை என்று வந்தது. மாதவிடாயால்தான் பெண்கள் படிப்பை நிறுத்துகிறார்கள் என்று மேடைக்கு மேடை பேசுவதை இனிமேலாவது குறைக்க வேண்டும். படிப்பு நிற்க வறுமை இருக்கிறது, சிறு வயதுக் கல்யாணம் இருக்கிறது, பஸ் வசதி இல்லாதது இருக்கிறது. பணம் அங்கே போகட்டும்.

ஆவாரம்பூ:
நான் இப்போது கல்லூரியில் முதலாம் ஆண்டு. அரசுப் பள்ளியில்தான் படித்தேன். லீவு போட்டால் தேர்வு போய்விடும் என்று எல்லா நாளும் போனேன், வருகைப் பதிவேட்டில் குறையே இருக்காது. ஆனால் அந்த நாட்களில் கடைசி பெஞ்சில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருப்பேன். கரும்பலகைக்குக் கூப்பிட்டால் பதில் தெரியாது என்று சொல்லிவிடுவேன், தெரிந்தாலும். பி.டி. பீரியட் வந்தால் வயிற்றுவலி என்று மரத்தடியில் உட்கார்ந்துவிடுவேன். இதையெல்லாம் எந்த ஆய்வில் எழுதுவீர்கள் அண்ணா?

வைகைக்கரை:
நன்றி ஆவாரம்பூ. புள்ளிக்கோலம் சொன்ன ஆய்வை நான் மறுக்கவில்லை, அது என் பக்கம்தான் சாய்கிறது. பொருளை மட்டும் கொடுத்தால் வருகை மாறாது என்பதைத்தானே அது காட்டுகிறது? அதோடு இதையும் பாருங்கள். 2003 வாக்கில் இந்தியாவில் பள்ளிகளில் கழிப்பறை கட்டும் திட்டம் நடந்ததை வைத்து அஞ்சலி அடுகியா என்ற ஆய்வாளர் செய்த ஆய்வு 2017-ல் வந்தது. கழிப்பறை கட்டிய பள்ளிகளில் மாணவர் சேர்க்கை கூடியது. சின்னப் பிள்ளைகளுக்குப் பொதுக் கழிப்பறையே போதுமாக இருந்தது. வயதுக்கு வரும் பருவத்துப் பெண்களுக்கு மட்டும், தனிக் கழிப்பறை கட்டிய இடத்தில்தான் பலன் தெரிந்தது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று சும்மா எழுதவில்லை.

டீச்சர், உங்கள் பதினைந்து, ஒன்பது கணக்கு சரி. மகளிடம் கேட்டேன், அவளும் எண்ணித்தான் வைத்திருக்கிறாள். அதற்கு அரசு எண்ணிக்கையைக் கூட்டித் தரட்டும், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் காசு போடும் இயந்திரம் ஏழைப் பிள்ளைக்கு என்ன செய்யும்? ரொப்புவதற்கு ஆளில்லாமல் ஆறு மாதத்தில் துருப்பிடித்து நிற்கும் இயந்திரங்களைப் பக்கத்துப் பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். கேட்காமல் எடுக்க வேண்டும் என்றால் கழிப்பறைச் சுவரில் ஒரு திறந்த பெட்டி போதும்.

கிணற்றடி:
யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். பயன்படுத்திய நாப்கினை என்ன செய்வது? அடியில் பிளாஸ்டிக் படலம், உள்ளே ஈரம் உறிஞ்சும் வேதிப்பொருள், மண்ணில் போட்டால் மக்காது. பல பள்ளிகளில் எரிக்கும் இயந்திரம் வைத்தார்கள். 800 டிகிரிக்கு மேல் சீராக எரியாவிட்டால் டையாக்சின் போன்ற நச்சு வரும். சின்ன மின்சார இயந்திரங்களில் எத்தனை அந்தச் சூட்டைத் தொடுகின்றன? புகைக்குழாய் வகுப்பறை ஜன்னலுக்குப் பக்கத்தில் இருப்பதையும் பார்த்திருக்கிறேன். நாப்கின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கச் சொல்வதற்கு முன் துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கினை யோசியுங்கள். ஆலப்புழை நகராட்சி 2019-ல் 5000 மாதவிடாய்க் குப்பிகளை இலவசமாகக் கொடுத்தது. நாமும் அந்த வழியில் போகலாம்.

சுண்ணக்கட்டி:
கிணற்றடி, குப்பை பற்றிய உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் தாழ்ப்பாளும் தண்ணீரும் இல்லாத பள்ளியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை குப்பியை எங்கே கழுவுவாள்? துணியை வெயிலில் காயப்போட வேண்டும், எத்தனை வீட்டில் கொடியில் எல்லார் கண்ணிலும் படும்படி போடவிடுவார்கள்? கட்டில் அடியிலும் ஓலைக் கூரை இடுக்கிலும் காய்ந்த துணியால் அரிப்பும் புண்ணும் வந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் நான் நாப்கின் பக்கம் நிற்கிறேன். பெரியவர்கள் விரும்பினால் குப்பிக்கு மாறட்டும். சுற்றுச்சூழலைக் காக்கும் பாரத்தை அந்தப் பிள்ளைகள் தலையில் முதலில் ஏற்றாதீர்கள்.

மேட்டுக்காடு:
பீரோ சாவி விஷயம் எனக்குத் தெரியாது டீச்சர், அது சரியில்லை. தாய் இல்லாத பிள்ளைகளுக்குக் கொடுங்கள், அதை யார் மறுத்தார்கள்? வசதி உள்ளவர்களுக்கும் சேர்த்து ஏன் என்பதுதான் என் கேள்வி.

சுண்ணக்கட்டி:
யார் ஏழை, யார் வசதி என்று வகுப்பில் பிரித்துக் கொடுத்தால் வாங்குகிற பிள்ளை குறுகிப்போவாள், தம்பி. சத்துணவுத் தட்டை ஒளித்துவைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். எல்லாருக்கும் கொடுத்தால்தான் வேண்டியவள் வாங்குவாள்.

வைகைக்கரை:
இவ்வளவு பேசியும் ஒருவரைப் பற்றி யாருமே கேட்கவில்லை. அந்த ஜன்னல் இடுக்கு நாப்கினை யார் எடுக்கிறார்? எங்கள் பள்ளியில் ஓர் அம்மா வருகிறார். உள்ளாட்சி வழியாக மாதத்துக்கு ஒரு சிறு தொகை, அதுவும் நாலு மாதம் தள்ளி வரும். கையுறை கிடையாது. தென்னை ஈர்க்குமாற்றால் தள்ளி, கையால் பொறுக்கிச் சாக்கில் போடுகிறார். நாப்கினைத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும், சுற்றுவதற்கான உறையைத் தயாரிப்பாளரே தரவேண்டும் என்று 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே எழுதினார்கள். எந்தப் பள்ளிக்கு உறை வந்தது? ஆள் வராத நாளில் வேலை யார் தலையில் விழுகிறது என்பதும் தெரிந்ததுதான். 2022-ல் ஈரோடு மாவட்டத்தில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவவைத்ததற்காகத் தலைமையாசிரியை கைதானார். ஆகவே நாப்கின் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லும்போது அந்த அம்மாவின் சம்பளத்தையும் கையுறையையும் அதே மனுவில் எழுத வேண்டும். அது இல்லாமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

புள்ளிக்கோலம்:
இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும்? ஒவ்வொரு பள்ளியும் நன்கொடையாளரைத் தேடுமா?

வைகைக்கரை:
மோட்டாரை மதியமும் ஒரு தடவை போட நன்கொடையாளர் வேண்டாம், பொறுப்பாக ஓர் ஆள் போதும். தாழ்ப்பாளும் ஆணியும் மூடி போட்ட வாளியும் சில நூறு ரூபாய்தான். தூய்மைப் பணியாளர் சம்பளத்துக்கும் கூடுதல் நாப்கினுக்கும் அரசு பட்ஜெட்தான் வழி. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பள்ளி மாணவிகளின் மாதவிடாய்ச் சுகாதாரத்துக்கு நாடு முழுவதற்கும் ஒரே கொள்கை வகுக்கச் சொல்லி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அதைக் காட்டிக் கேட்கலாம்.

சுண்ணக்கட்டி:
மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் கூட்டத்தில் ஆண்கள் இருக்கும்போது இதைப் பேச அம்மாக்கள் தயங்குவார்கள். நீங்கள் எழுந்து பேசினீர்கள், அது பெரிய விஷயம். இயந்திரத்தை நிறுத்தியதில் மட்டும் எனக்கு இன்னும் சம்மதமில்லை. திறந்த பெட்டி வைத்தால் முதல் வாரத்திலேயே காலியாகும், "பிள்ளைகள் திருடுகிறார்கள்" என்று பீரோவுக்கே திரும்பிவிடும்.

வைகைக்கரை:
காலியானால் தேவை அவ்வளவு இருக்கிறது என்று அர்த்தம் டீச்சர். எத்தனை நாளில் எத்தனை போகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து, அந்தக் கணக்கையே அதிகாரியிடம் கொடுக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை கூட்டம். பெட்டி, தாழ்ப்பாள், மதிய மோட்டார், அந்த அம்மாவுக்குக் கையுறை, நாலையும் தீர்மானமாக வைக்கப் போகிறேன். இயந்திரம் தருகிறேன் என்றவரிடமும் பேசிவிட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குக் குழாய் இழுத்துத் தரச் சம்மதித்திருக்கிறார், தன் பெயரைத் தொட்டியில் எழுத வேண்டுமாம். எழுதிக்கொள்ளட்டும்.