கதையில் அறிந்த பெயர், கல்வெட்டில் கண்ட பெண்

சோழ மன்னன் இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயரைக் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வழியாகவே நான் முதலில் அறிந்தேன். பின்னர், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின் அச்சுப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கியபோது, சூழ்ச்சிகளை முறியடிக்கும் நாவலின் இளையபிராட்டி குந்தவையின் சாயலையே அங்கும் தேடினேன். கிடைத்தவரோ, திருமேனிகளையும் பொன் நகைகளையும் எடை குறித்து வழங்கிய பெருங்கொடையாளர். தான் கொடுத்தவற்றையும், அடுத்து அக்கன் (அக்காளான குந்தவை) கொடுத்தவற்றையும், அதன் பின்னரே தன் தேவியர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு இராசராசன் ஆணையிடுகிறான். அந்த வரிசையே அவருடைய செல்வாக்கைச் சொல்லிவிடுகிறது. தந்தைக்கும் தாய்க்கும் அவர் திருமேனி எடுப்பித்த செய்தியும் அங்கே உண்டு. நாவல் பாகம் பாகமாக வளர்த்த காதலுக்கு ஈடாகக் கல்வெட்டில் இருப்பது, அவர் வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார் என்ற ஒரு குறிப்பு மட்டுமே. (எனக்கு என்னவோ இந்தச் சிக்கனம்தான் பிடித்திருக்கிறது.)

ஒரே பெயரால் வரும் குழப்பம் இதோடு முடிவதில்லை. இராசராசனின் மகளுக்கும் குந்தவை என்றே பெயர். அவர் வேங்கி நாட்டு (இன்றைய ஆந்திரக் கடலோரப் பகுதி) மன்னன் விமலாதித்தனை மணந்தவர். அத்தையின் செயலை மருமகள் கணக்கிலும், மருமகளின் திருமணத்தை அத்தையின் கணக்கிலும் எழுதும் கட்டுரைகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

* * *

மேலே உள்ள பகிர்வைப் படித்ததும் எனக்கு ஆலிஸ் நினைவுக்கு வந்தார். 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' கதையை எழுதிய லூயிஸ் கரோல், அதன் நாயகிக்குப் பெயர் தந்த ஆலிஸ் லிடெலை எடுத்த புகைப்படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது, அது வேறு யாரோ ஒரு சிறுமி என்றே எண்ணினேன். கதைப் புத்தகத்தில் ஜான் டெனியல் வரைந்த சிறுமிக்கு நீண்ட வெளிர்நிறக் கூந்தல்; புகைப்படத்தில் இருப்பவருக்கோ நெற்றியில் விழும் கருமையான குட்டை முடி. 1862 ஜூலை 4 அன்று படகுப் பயணத்தில் அந்தக் கதையைக் கேட்டபோது அவருக்கு வயது 10. பிற்காலத்தில் முதல் உலகப் போரில் இரு மகன்களை இழந்தார். கணவர் மறைந்த பிறகு, கரோல் தம் கையால் எழுதிப் பரிசளித்த பிரதியை 1928இல் ஏலத்தில் விற்றார். 1932இல், 80ஆம் வயதில், கரோலின் நூற்றாண்டு விழாவுக்காக அமெரிக்கா சென்று பாராட்டுகளைப் பெற்றுத் திரும்பியவர், கதையின் ஆலிஸாகவே இருந்து தாம் களைத்துப்போனதாக மகனுக்குக் கடிதம் எழுதினார். அதைப் படித்த பிறகு, அந்தப் புத்தகத்தை முன்போல விளையாட்டாக என்னால் திறக்க முடியவில்லை.

* * *

என் பெயர் பூங்குழலி. எனக்கு நேர்வது இவற்றுக்கு நேர்மாறானது. 'பொன்னியின் செல்வன்' நாவலில் படகோட்டும் பூங்குழலி என்ற கதாபாத்திரம் முன்பே இருந்தது, நான் பின்னால் வந்தேன். அறிமுகமாகும் கூட்டங்களில் "படகு எங்கே?" என்று யாராவது கேட்பது வழக்கமாகிவிட்டது. பூங்குழலி கல்கியின் கற்பனைப் பாத்திரம் என்று நான் விளக்கினால், சிலர் ஏற்பதே இல்லை. அவளும் சோழர் வரலாற்றில் வாழ்ந்தவள்தான் என்று என்னிடமே வாதிடுகிறார்கள். உண்மையில் வாழ்ந்த குந்தவையும் கற்பனையான பூங்குழலியும் ஒரே நாவலில் அருகருகே நடமாடுவதால் வரும் வினை இது. நீச்சல்கூடத் தெரியாத நான் இப்போதெல்லாம் படகு பழுதுபார்க்கப் போயிருக்கிறது என்று பதில் சொல்லிவிடுகிறேன்.