மட்டக்களப்பு உப்புக் காற்றில் பழைய இரட்டைக் குழல் துவக்கு: துருப்பிடிக்காம வைக்கிறது எப்படி?

கல்லடியான்:
கடலுக்கும் வாவிக்கும் நடுவில வீடு. அனுமதிப்பத்திரம் உள்ள பழைய 12 போர் (குழல் அளவு) இரட்டைக் குழல் துவக்கு, தோலுறைக்குள்ள போட்டு இரும்பு அலுமாரியில கிடக்கு. சுடுறதில்லை, பேணி வைக்கத்தான் விருப்பம். மாரி முடிஞ்சு பார்த்தா உறை படுற பக்கம் முழுக்க செம்புள்ளி. பூசி வைச்சது தேங்காயெண்ணெய். முன்கட்டைக்கு (குழலுக்குக் கீழ கை பிடிக்கிற மரம்) அடியில மஞ்சளா, பிசினா இறுகிக் கிடக்கு. சாண்ட் பேப்பர் போடலாமா? மறுகா எதுக்குள்ள வைக்கிறது?

வயல்காவல்:
முதல்ல துவக்கை மடக்கி ரெண்டு குழலும் காலி எண்டு கண்ணால பாருங்க. தோட்டா வேற இடத்தில பூட்டி இருக்கட்டும்.

சாண்ட் பேப்பர் வேண்டவே வேண்டாம். துருவோட, இரும்பைக் காக்க ஏத்தின நீல மெருகும் போயிரும். மெருகு போன இரும்பு இன்னும் கெதியா சிவக்கும். 0000 ஸ்டீல் வூலை (ஆக மெல்லிய இரும்பு நார்) தையல் மெசின் எண்ணெயில நனைச்சு, புள்ளியில மட்டும், அழுத்தாம தேய்ங்க. எண்ணெய் செம்மண் நிறமானா துடைச்சிட்டுப் புதுசா விடுங்க. புள்ளி கறுத்து, விரலுக்கு வழுவழுப்பா வந்தா நிப்பாட்டுங்க. குழலில சுருள் சுருளா வரி தெரிஞ்சா அது முறுக்குக் குழல், ஸ்டீல் வூலும் படக்கூடாது.

தேங்காயெண்ணெய் காறினா அமிலம் ஊறும், அதுவே இரும்பை அரிக்கும். பிசினை மண்ணெண்ணெய் தொட்ட துணியால எடுத்து, உடனே உலரத் துடைங்க. மண்ணெண்ணெய் கழுவத்தான், காக்காது.

தோலுறையை இண்டைக்கே கழட்டுங்க. தோல் ஈரத்தை உறிஞ்சி, பதனிட்ட உப்போட சேர்த்து இரும்பில ஒட்டி வைச்சிருக்கும். ஸ்பொஞ்ச் பெட்டியும் அப்படித்தான்.

மெழுகுக்கை:
நெடுங்காலம் வைக்க எண்ணெயை விட மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு நல்லம். எண்ணெய் வழிஞ்சு இறங்கிரும், மெழுகு நிண்ட இடத்தில நிக்கும். துணிக் கையுறை போட்டு மெல்லிசாப் பூசி, காய்ஞ்சதும் மெருகேத்துங்க. விரல் வியர்வை உப்பு அடுத்த நாளே ரேகையாத் துருப்பிடிக்கும். குழலுக்குள்ள மட்டும் எண்ணெய்த் துணி ஒருக்கா இழுத்தாப் போதும். வாயைத் துணியால அடைக்க வேண்டாம், உள்ளுக்க ஈரம் அடைபடும். அடைச்சது மறந்துபோனா ஆபத்து.

குழல் வாய் கீழ பார்க்க நிறுத்துங்க. மேல பார்த்தா எண்ணெய் இறங்கிக் கட்டையின் கழுத்தில ஊறி, மரம் இளகிப்போகும்.

அலுமாரியைச் சீமெந்துச் சுவரோட ஒட்டி வைக்காம கொஞ்சம் தள்ளுங்க. உள்ளுக்க ஈரமானி ஒண்டு, ஈரம் உறிஞ்ச 500 கிராம் சிலிக்கா ஜெல். ஈரப்பத இலக்கு 45 முதல் 50 வீதம். ஜெல்லைத் தராசில போட்டுப் பாருங்க: 600 கிராம் வந்திட்டா நிறைஞ்சிட்டுது. ஓவனில 120 டிகிரியில 3 மணித்தியாலம் காயவைக்கணும், வெயில் காணாது. கச்சான் காத்து வீசுற வறண்ட காலத்தில மாசத்துக்கு ஒருக்கா நிறுத்துப் பார்த்தாலும் சரி, வாடை அடிக்கிற மாரியில கிழமைக்கு ஒருக்காப் பாருங்க.

கல்லடியான்:
நன்றி. ஏசி அறையில வைச்சா? மெருகு போன இடத்தில திருப்பி நீலம் ஏத்தலாமா?

மெழுகுக்கை:
ஏசி அறை நல்லம், வெளிய எடுக்கிற நேரம்தான் கெடுதி. வெளிய 30 டிகிரி, 80 வீத ஈரப்பதம் எண்டா 26 டிகிரிக்குக் கீழ உள்ள இரும்பில பனி படியும். பொலித்தீனால இறுக்கிச் சுத்தி எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரிங்க. திருப்பி உள்ள வைக்கைக்க பொலித்தீன் வேண்டாம்.

வயல்காவல்:
நீலம் ஏத்துறதில கவனம். கொதிக்கிற காரக் கரைசலில முக்குற முறை ஒற்றைக் குழலுக்குச் சரி. ரெண்டு குழலையும் நடு வரிப்பட்டியையும் பிடிச்சிருக்கிறது ஈயப் பத்து. அந்தக் காரம் பத்தை அரிச்சு, பட்டிக்கு அடியிலயும் தங்கிரும். மாசக்கணக்கில உள்ளுக்கிருந்து துரு கசியும், பட்டியும் கழண்டு வரும். இரட்டைக் குழலுக்கு மெதுவாத் துருவேத்திக் கறுப்பாக்கிற பழைய முறைதான். அது தெரிஞ்ச ஆள் கிடைக்கும் வரைக்கும் வெளுத்த இடத்தில மெழுகு பூசி விடுங்க. மெழுகு போடைக்க முன்கட்டையைக் கழட்ட மறக்க வேண்டாம், அடியிலதான் துரு ஒளிச்சு இருக்கும்.