சந்தேகம்: வண்டிக்கு வண்டி வயர்லெஸ் – கணக்கில் 99.76%, ரோட்டில் அப்படி இல்லை

காட்பாடி மாணவி:
வணக்கம். இறுதியாண்டு ப்ராஜெக்ட். இரண்டு கார்கள் 5.9 கிகாஹெர்ட்ஸில், 802.11p முறையில் (வண்டிகளுக்கான வைஃபை வகை), நொடிக்கு 10 முறை தங்கள் இடத்தையும் வேகத்தையும் சிறு செய்தியாக (பாக்கெட்) சொல்லிக்கொள்கின்றன. வேலூர்–பள்ளிகொண்டா ரோட்டை சுமோ (SUMO) என்ற போக்குவரத்து சிமுலேட்டரில் அமைத்து, என்எஸ்-3 (ns-3) என்ற நெட்வொர்க் சிமுலேட்டரில் ஓட்டினேன். சிக்னல் வலிமை சட்டென ஏறி இறங்குவதற்கு (ஃபேடிங்) நாககாமி மாடல்தான் போட்டிருக்கிறேன். 200 மீட்டரில் ஒரு பாக்கெட் போய்ச்சேரும் வாய்ப்பு 0.7. அரை நொடிக்குள் ஐந்தில் ஒன்று வந்தால் போதும். எனவே குறைந்தது ஒன்றாவது வரும் வாய்ப்பு 1 − 0.3⁵ = 0.9976. நிஜமாகவே என்எச் 48இல் ஓட்டிப் பார்த்தோம். பாக்கெட் சேரும் சராசரி ஏறக்குறைய அதே 0.7தான். ஆனால் சில இடங்களில் நொடிக்கணக்கில் ஒரு பாக்கெட்கூட வரவில்லை. எங்கே தேடுவது?

பாலாற்றங்கரை:
முதலில் பாக்கெட்டின் வரிசை எண்ணைப் பாருங்கள். அனுப்பும் கருவியே நின்றுபோயிருந்தால், இடைவெளிக்குப் பிறகும் எண் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

காட்பாடி மாணவி:
எண் தாவுகிறது அண்ணா. அங்கிருந்து போயிருக்கிறது, இங்கே வந்து சேரவில்லை.

பழைய ரேடியோக்காரர்:
அப்படியென்றால் சிக்கல் அந்த 0.3⁵இல்தான் இருக்கிறது, அம்மா. ஐந்து பாக்கெட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தொலைகின்றன என்றால்தான் அப்படிப் பெருக்கலாம். ஃபேடிங்குக்கு அது ஓரளவு சரி. அலைநீளமே 5 செ.மீ.தான், 100 மில்லிநொடிக்குள் கார் அதைப் பல மடங்கு தாண்டிவிடும், அடுத்த பாக்கெட்டுக்குள் ஃபேடிங்கும் மாறியிருக்கும். ஆனால் நடுவில் ஒரு கன்டெய்னர் லாரி புகுந்தால்? உங்கள் ஆன்டெனா காரின் கூரையில், ஒன்றரை மீட்டர் உயரத்தில். லாரி அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் உயரம். அது விலகும்வரை வரிசையாகப் பாக்கெட்டுகள் தொலையும்.

ஒரு பேச்சுக்கு, முக்கால்வாசி நேரம் ரோடு திறந்திருக்கிறது, அப்போது வாய்ப்பு 0.9; கால்வாசி நேரம் லாரி மறைக்கிறது, அப்போது 0.1 என்று வையுங்கள். சராசரி அதே 0.7. ஆனால் மறைப்பில் ஐந்தும் தொலையும் வாய்ப்பு 0.9⁵, அதாவது 0.59. மொத்தத்தில் நம்பகத்தன்மை 85%தான். பிரேக் எச்சரிக்கைக்கு இது எப்படிப் போதும்?

பாலாற்றங்கரை:
பாக்கெட்டுகள் மோதியிருக்குமோ என்று தேட வேண்டாம். ரோட்டில் இருந்தது உங்கள் இரண்டு ரேடியோதானே. ஆனால் சிமுலேஷனில் வண்டிகளைக் கூட்டும்போது அதையும் சேருங்கள்: எல்லோருக்கும் பொதுவாக அனுப்பும் பிராட்காஸ்டில், வந்து சேர்ந்தது என்ற ஒப்புகை திரும்பி வராது, மோதித் தொலைந்தாலும் அனுப்பியவருக்குத் தெரியாது.

காட்பாடி மாணவி:
நன்றி ஐயா. டேஷ்கேம் வீடியோவை பாக்கெட் பதிவோடு (லாக்) ஒட்டிப் பார்த்தேன். பெரிய இடைவெளிகள் எல்லாமே லாரியோ பஸ்ஸோ நடுவில் இருந்தபோதுதான். இழப்புகள் கொத்தாக வருவதைக் காட்டும் கில்பர்ட்–எலியட் மாடலில் திறந்த ரோடு, மறைப்பு என்று இரண்டு நிலைகள் வைத்துவிட்டேன். ஒரு நிலையிலிருந்து மற்றதற்கு மாறும் வாய்ப்பை எப்படி எடுப்பது?

பழைய ரேடியோக்காரர்:
வீடியோவிலிருந்தே எடுங்கள். மறைப்பு சராசரியாக 4 நொடி என்றால் 40 பாக்கெட். மறைப்பிலிருந்து வெளிவரும் வாய்ப்பு 1/40. கால்வாசி நேரம் மறைப்பு என்றால் உள்ளே போவது 1/120. வேலூர் பச்சை வட்டம் (கிரீன் சர்க்கிள்) சந்திப்புப் பக்கம் நெரிசலில் எடுத்த பதிவைத் தனியாக வையுங்கள், அங்கே லாரி நகராமல் நிற்கும். அறிக்கையில் சராசரியோடு நிறுத்தாமல், இரண்டு பாக்கெட்டுகளுக்கு நடுவே விழுந்த இடைவெளிகளின் பரவலையும் வரைந்து காட்டுங்கள்.