12, 16 அங்குல டாம் இருக்கும் டிரம் கிட்டில் 14 சேர்க்கணும்: ஃப்ளோர் டாமா, மேலே மாட்டும் டாமா?

அரைத்தாளம் (கேள்வி)

வணக்கம். இப்போதுள்ள கிட்: 22x18 பேஸ் டிரம் (காலால் அடிப்பது), அதன் மேல் மாட்டிய 12x9 டாம், மூன்று கால்களில் தரையில் நிற்கும் 16x16 ஃப்ளோர் டாம், 14 அங்குல ஸ்னேர் (அடியில் கம்பி வைத்த டிரம்). எல்லாம் அங்குலத்தில், விட்டம் முதலில், ஆழம் அடுத்து. 12-லிருந்து 16-க்கு இறங்கும்போது நடுவில் ஒரு படி காணாமல் போன மாதிரி இருக்கிறது. அதனால் 14 சேர்க்கப் போகிறேன். இதே மாடலில் 14x12 மவுண்டட் டாமும் உண்டு, 14x14 ஃப்ளோர் டாமும் உண்டு. பேஸ் டிரம் மேல் இரண்டு டாம் மாட்டும் ஹோல்டர் ஏற்கெனவே இருப்பதால் 14x12 வாங்கினால் தனி ஸ்டாண்ட் தேவையில்லை. எதை எடுக்கலாம்?

கூடவே இரண்டு தொல்லை. ஒன்று, 16 அடித்தால் "தொப்" என்று செத்துவிடுகிறது, நாதம் நிற்பதே இல்லை. இரண்டு, 12-ஐ அடித்தால் ஸ்னேர் கம்பி சேர்ந்து சலசலக்கிறது. ஸ்னேரின் மேல் விளிம்பு தரையிலிருந்து 25 அங்குலம். மரப்பலகை மேடை. வாசிப்பது ராக், பாப்.

எட்டு லக்

முதலில் டேப் எடுத்து உயரத்தைக் கணக்குப் போடுங்கள், சத்தத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். 22 பேஸ் டிரம் ஹூப்போடு (விளிம்பு வளையம்) சேர்த்து ஏறக்குறைய 23 அங்குலம் நிற்கும். டாமின் அடி ஹூப் அதில் இடிக்காமலிருக்க ஒரு அங்குல இடைவெளி. அதன் மேல் 14x12 வைத்தால் 23 + 1 + 12 = 36. உங்கள் ஸ்னேர் 25-இல் இருக்கிறது. 11 அங்குல வித்தியாசம்! இப்போதுள்ள 12x9 கூட 33-இல்தான் நிற்கிறது. அதையே ஓரளவு சாய்த்துத்தான் வாசித்துக்கொண்டிருப்பீர்கள்.

14x12-ஐ அங்கே வைத்தால் சாய்வு இன்னும் கூடும். சாய்வு கூடினால் குச்சியின் கழுத்துப்பக்கம் ஹெட்டில் (டிரம்மின் பிளாஸ்டிக் தோல்) படியாமல் நுனி மட்டும் குத்தும். ஹெட்டில் சின்னச் சின்னக் குழி விழும், குழி விழுந்த இடத்தில் பிளாஸ்டிக் தளர்ந்து சுருதி தடுமாறும். புது ஹெட் போட்ட சில நாளிலேயே குழி விழுந்தால் பெரும்பாலும் காரணம் ஹெட் அல்ல, டாம் நிற்கும் கோணம்தான்.

இன்னொன்று ரைடு, அதாவது தாளம் ஓட்டும் பெரிய சிம்பல் தட்டு. மேலே இரண்டு டாம் வைத்தால் ரைடு வலப்பக்கம் தள்ளிப்போய், இரண்டாவது டாமுக்கு மேலே ஏறிவிடும். கை தூக்கியே வாசிக்க வேண்டும். மேலே ஒன்று, கீழே இரண்டு என்று வைத்தால் இரண்டாவது டாம் இருந்திருக்க வேண்டிய இடம் காலியாகும். ரைடு பேஸ் டிரம்முக்கு மேலேயே தாழ்வாக வந்து உட்காரும். 22 பேஸ் டிரம் உள்ளவருக்கு 14x14 ஃப்ளோர்தான் என் பதில்.

குச்சிக்காரன்

ஃப்ளோர்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. 14x12-ஐ பேஸ் டிரம்மில் மாட்டாமல் சிம்பல் ஸ்டாண்டில் கிளாம்ப் போட்டுத் தொங்கவிட்டால் பேஸ் டிரம்முக்கு வலப்பக்கம், 16-க்கு முன்னால் எந்த உயரத்திலும் நிறுத்தலாம். 12-ஐயும் அப்படியே ஸ்டாண்டுக்கு மாற்றி நடுவிலிருந்து இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் பேஸ் டிரம் வளைந்து இறங்குகிறதே, அந்த அளவு டாமும் தாழும்.

தொங்கவிடும்போது ஸ்டாண்டின் மூன்று கால்களில் ஒன்று டாம் நீட்டியிருக்கும் திசையிலேயே இருக்க வேண்டும். இரண்டு கால்களுக்கு நடுவில் பாரம் வந்தால் வாசிக்க வாசிக்க முன்னே சாயும். இரட்டைப் பட்டை வைத்த கால்கள் உள்ள ஸ்டாண்ட் மட்டும் போதாது, கால்களை நன்றாக விரித்தும் வையுங்கள்.

எட்டு லக்

ஸ்டாண்ட் யோசனை சரி. ஆனால் இடப்பக்கம் நகர்த்தினால் தாழும் என்பது எல்லாரும் சொல்வதுதான், கிடைக்கும் லாபம் நினைப்பதைவிடக் குறைவு. தாழ்வதை முடிவு செய்வது டாமின் நடு அல்ல, பேஸ் டிரம் உச்சிக்கு அருகில் வரும் அதன் வலது விளிம்பு. 22-இன் ஆரம் 11. டாமின் வலது விளிம்பு நடுக்கோட்டிலிருந்து 4 அங்குலம் தள்ளினால் முக்கால் அங்குலம்தான் தாழும். 6 அங்குலம் தள்ளினால் ஒன்றே முக்கால். 12 அங்குல டாமுக்கு 6 தள்ளுவதென்றால் அதன் நடு, பேஸ் டிரம் நடுவிலிருந்து 12 அங்குலம் தள்ளி நிற்கும். அது ஸ்னேர் மேலேயே ஏறி, ஹை-ஹாட்டோடு (காலால் இயக்கும் ஜோடி சிம்பல்) மல்லுக்கட்டும்.

9 ஆழ டாமுக்குப் பதில் 7 ஆழம் போட்டால் நகர்த்தாமலே 2 அங்குலம் கிடைக்கும். உயரம்தான் பிரச்சினை என்றால் ஆழம் குறைந்த டாமே மருந்து.

குச்சிக்காரன்

கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். 12-ஐ இருக்கிற இடத்திலேயே விடட்டும். 14 விஷயத்தில் மட்டும் ஸ்டாண்டில் தொங்கவிடுவதில் ஒரு லாபம் உண்டு: தரையோடு தொடர்பில்லை, நாதம் நீளும். அதோடு உங்கள் வலது கால் பக்கம் 14-இன் கால் எதுவும் குறுக்கே வராது.

வெறுங்கை

16 செத்துப்போகும் கதைக்கு வருகிறேன். ஹெட் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை. ஒரு கையால் மேல் ஹூப்பைப் பிடித்து டாமைத் தரையிலிருந்து ஓரிரு அங்குலம் தூக்குங்கள், இன்னொரு கையால் நடுவில் அடியுங்கள். (ஆள் இருந்தால் அவரைத் தூக்கச் சொல்லுங்கள், 16 கனம்.) தூக்கியதும் நாதம் நீண்டால் குற்றம் கால்களில். தூக்கியும் "தொப்" என்றால் குற்றம் ஹெட்டில் அல்லது டியூனில். அதுவும் இல்லையென்றால் ஷெல்லின் (டிரம்மின் மர உடல்) விளிம்பைப் பார்க்க வேண்டும்.

கால்களில் பார்க்க வேண்டியவை: அடி ரப்பர் தேய்ந்து உள்ளேயிருக்கும் கம்பி பலகையைத் தொடுகிறதா, காலின் மேல் நுனி ஹூப்பையோ டென்ஷன் ராடையோ (ஹெட்டை இறுக்கும் திருகு) முட்டுகிறதா, காலைப் பிடிக்கும் பிராக்கெட்டின் விங் நட் இறுகியிருக்கிறதா. மேல் நுனி முட்டினால் நாதம் குறைவதோடு ஒரு கிர்ர்ர் சத்தமும் வரும். அதை ஹெட்டின் குறை என்று நினைத்து ஹெட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

12-இன் சலசலப்புக்கு: ஸ்னேர் கம்பியைப் போட்டபடியே வைத்து, 12-இன் அடி ஹெட்டில் ஒரு விரலை லேசாக வைத்து மேலே அடியுங்கள். அடங்கினால் அடி ஹெட்டின் சுருதிதான் ஸ்னேரைத் தூண்டுகிறது.

அரைத்தாளம்

இரண்டும் செய்து பார்த்தேன். 16-ஐத் தூக்கினால் ஆச்சரியமான அளவுக்கு நாதம் நிற்கிறது. மூன்று கால்களில் இரண்டில் ரப்பர் கிழிந்து கம்பி தெரிகிறது. 12-இன் அடி ஹெட்டில் விரல் வைத்தால் சலசலப்பு பாதிக்கு மேல் அடங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இனி என்ன செய்வது? 14 வந்த பிறகு மூன்றையும் எந்தச் சுருதியில் வைப்பது என்றும் சொல்லுங்கள்.

வெறுங்கை

ரப்பரை மூன்றுமாக மாற்றுங்கள், ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் நிற்பு கோணும். வாங்கும்போது காலின் தடிமனை அளந்து போங்கள்: 9.5, 10.5, 12.7 மி.மீ. என்று மூன்று அளவு பரவலாக உண்டு. உள்ளே காற்றறை வைத்த மெத்தை ரப்பர் கிடைத்தால் அதையே போடுங்கள். கிடைக்காவிட்டால் காலுக்கடியில் ஒரு அங்குல கனத்தில் அழுத்தமான ஃபோம் துண்டு. மெத்தென்ற பஞ்சு போட்டால் டாம் ஆடும்.

12-க்கு: அடி ஹெட்டின் எல்லா ராடையும் கால் சுற்று ஏற்றுங்கள். ஸ்னேர் சுருதியிலிருந்து டாம் விலகினால் தூண்டுதல் குறையும். போதவில்லையென்றால் ஸ்னேரின் அடி ஹெட்டில் கம்பி முடியும் இரு பக்கமும் உள்ள இரண்டிரண்டு ராடை, மொத்தம் நாலு, கால் சுற்று தளர்த்துங்கள். அதற்கு மேல் தளர்த்தினால் ஸ்னேரின் கூர்மை போய்விடும். கொஞ்சம் சலசலப்பு மிச்சம் இருந்தால் விட்டுவிடுங்கள், பாட்டோடு சேர்ந்து கேட்கும்போது காதில் விழாது.

எட்டு லக்

சுருதிக்கு ஒரு தொடக்கம்: 12 டி3 (147 ஹெர்ட்ஸ்), 14 ஏ2 (110), 16 ஈ2 (82). ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்தது ஒரு நாலாம் சுரம் இறக்கம், அதாவது சட்ஜத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் உள்ள தூரம். நெருக்கமாக வேண்டுமென்றால் 14-ஐ அப்படியே வைத்துவிட்டு மற்ற இரண்டையும் அதை நோக்கிக் கொண்டுவாருங்கள்.

மேல் ஹெட் இரட்டைப் படலம் (7 மில் இரண்டு; மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று), அடியில் ஒற்றைப் படலம். முதலில் அடி ஹெட். எதிரெதிர் ராடாகக் கால் சுற்று ஏற்றிக்கொண்டே வந்து, ஒவ்வொரு ராடுக்கும் முன்னால் விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே குச்சி நுனியால் தட்டி எல்லா இடமும் ஒரே சுருதி ஆகும் வரை சரிசெய்யுங்கள். பிறகு மேல் ஹெட். இரண்டும் ஒரே சுருதியில் இருந்தால் நாதம் மிக நீளும். அடி ஹெட்டைக் கொஞ்சம் ஏற்றினால் நாதம் அளவோடு அடங்கும். ரப்பர் மாற்றிய பிறகு 16 அளவுக்கு மீறிப் பாடினால் ஹெட்டில் ஒட்டி நாதத்தை அடக்கும் ஜெல் துண்டைத் தேடாமல் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

14 வந்ததும் இடம்: 16 இப்போது நிற்கும் இடத்தில் 14, 16 அதற்கு வலப்பக்கம் சற்றுப் பின்னால். இரண்டு ஹூப்புக்கும் நடுவே ஒரு அங்குலம் விடுங்கள். 14-இன் இரண்டு கால்களுக்கு நடுவில் 16-இன் ஒரு கால் நுழையும்படி திருப்பினால் நெருங்கி நிற்கும். 14-இன் காலெதுவும் உங்கள் வலது முழங்காலுக்கு நேரே வரக்கூடாது. உயரம் ஸ்னேருக்குச் சமம் அல்லது ஒரு அங்குலம் தாழ்வு. 25-இல் வைத்தால் 14x14-இன் அடியில் 11 அங்குலம், 16x16-இன் அடியில் 9 அங்குலம் இடைவெளி வரும்.

அரைத்தாளம்

கடைசிக் கேள்வி. 14x14-க்குக் காத்திருக்க வேண்டும், 14x12 உடனே கிடைக்கும். அதை வாங்கிக் கால் பிராக்கெட் போட்டு ஃப்ளோராக மாற்றினால் சுருதி ஏறிவிடுமா?

வெறுங்கை

ஏறாது. சுருதியை முடிவு செய்வது விட்டமும் ஹெட்டின் இழுவையும்தான். 2 அங்குல ஆழம் குறைந்தால் அடியின் கனம் கொஞ்சம் குறைந்து, சத்தம் சட்டென்று எழும். 16 பக்கத்திலேயே இருப்பதால் அது குறையே இல்லை.

14-இல் 6 லக் (ராட் திருகி இறங்கும், ஷெல்லில் உள்ள பிடி) இருந்தால் வேலை சுலபம்: ஒன்று விட்டு ஒன்றாக லக் இடைவெளிகளின் நடுவில் பிராக்கெட் வைத்தால் மூன்றும் சம தூரத்தில் விழும். 8 லக் என்றால் சம தூரத்தில் ஒரு பிராக்கெட்டாவது லக்கை இடிக்கும், கொஞ்சம் முன்னே பின்னே தள்ளித்தான் வைக்க முடியும். காகிதப் பட்டையை ஷெல்லின் சுற்றளவுக்கு வெட்டி, மூன்றாக மடித்து, ஷெல்லைச் சுற்றி ஒட்டிக் குறியுங்கள். ஹெட் இரண்டையும் கழற்றிவிட்டு, குறியின் மேல் டேப் ஒட்டி, உள்பக்கம் மரத்துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து துளையிடுங்கள். மரத்துண்டு இல்லாமல் துளைத்தால் பிட் வெளிவரும் பக்கம் பிளை (ஷெல்லின் மர அடுக்கு) பிய்ந்துவிடும். உள்ளே பெரிய வாஷர் கட்டாயம்.

காலின் நீளம்: 25 அங்குல உயரத்துக்கு 14x12-இன் அடியில் 13 அங்குலம் வேண்டும். அதோடு பிராக்கெட் வரை ஏறும் தூரம், அதைத் தாண்டி மேலே 2 அங்குலம். அவ்வளவு நீளமான கால் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு டாமை வாங்குங்கள். ஷெல்லில் போட்ட துளையைத் தடம் தெரியாமல் அடைப்பது கடினம். கால் கிடைக்காவிட்டால் துளைக்கவே வேண்டாம், குச்சிக்காரன் சொன்னபடி ஸ்டாண்டில் தொங்கவிடுங்கள்.