அப்பா யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று பிள்ளைக்கு ஏன் தெரிய வேண்டும்?

வாசல்திண்ணை:

தேர்தல் வந்துவிட்டால் எங்கள் தெருவில் முதலில் மாறுவது சத்தம். காலையில் ஒரு ஆட்டோ, சாயங்காலம் இன்னொரு ஆட்டோ. மூன்றாவது படிக்கிற என் மகன் இரண்டு ஆட்டோவின் வாசகத்தையும் ஏற்ற இறக்கத்தோடு மனப்பாடமாகச் சொல்கிறான். ஏழாம் வாய்ப்பாடு மட்டும் இன்னும் தகராறு.

ஒன்பதாவது படிக்கிற மகள் வேறு ரகம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது "நீங்க யாருக்குப்பா போடுவீங்க?" என்று கேட்டாள். சொல்ல மாட்டேன் என்றேன். "அம்மாகிட்டயாவது சொல்வீங்களா?" மனைவியிடமும் சொன்னதில்லை. அவளும் என்னிடம் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை.

என் கட்சி இதுதான்: தேர்தலைப் பற்றிப் பிள்ளைகளிடம் எல்லாமே பேசலாம். வேட்பாளர் தாக்கல் செய்யும் சொத்துக் கணக்கு, வழக்கு விவரம், போன தடவை என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள், எதையும் விட வேண்டாம். என் விரல் எந்தப் பொத்தானில் விழுந்தது என்பதை மட்டும் சொல்லக்கூடாது. எங்கள் அப்பா வீட்டுச் சுவரையே கட்சிக்குக் கொடுத்தவர். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் வாசகம் அந்தச் சுவரில் இருந்ததுதான். "நாங்க பரம்பரையா இந்தச் சின்னம்" என்று சொல்லும் வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனை! நிலம், நகை வரிசையில் சின்னத்தையும் பிள்ளைக்கு எழுதி வைக்க எனக்கு விருப்பமில்லை.

2024 ஏப்ரல் 19 அன்று இரண்டு பேரையும் வாக்குச்சாவடி வரை கூட்டிப்போனேன். வாக்கு இயந்திரத்தோடு இருக்கும் விவிபாட் பெட்டியில், யாருக்குப் போட்டோம் என்று காட்டும் ஒரு சீட்டு 7 விநாடி தெரியும் என்று விளக்கினேன். "அதை யாரெல்லாம் பாக்கலாம்?" என்றாள் மகள். போட்டவர் மட்டும்தான் என்றேன். அவளுக்கு அது பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். மகனுக்கு என் விரலில் வைத்த மைதான் முக்கியம். சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தான். மையில் இருக்கும் வெள்ளி நைட்ரேட்டிடம் அவன் பாச்சா பலிக்கவில்லை.

மற்றவர்கள் வீட்டில் எப்படி?

கறார்பேர்வழி:

நாசூக்காக ஒளிந்துகொள்கிறீர்கள் சார். உங்கள் அப்பா சுவரைக் கொடுத்தார், தன் கட்சி எது என்று ஊருக்கே சொன்னார். அதில் ஒரு நேர்மை இருந்தது. நீங்கள் சொந்த மகளிடமே மறைக்கிறீர்கள். அவள் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வாள்? அரசியல் என்றால் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டிய சமாச்சாரம் என்றுதான்.

'யாருக்கு' என்பதை மறைத்துவிட்டு 'ஏன்' என்பதை மட்டும் எப்படிப் பேசுவீர்கள்? நீட் தேர்வு, இட ஒதுக்கீடு, டாஸ்மாக், மின் கட்டணம் என்று எதை எடுத்தாலும் அதில் ஒரு பக்கம் இருக்கிறது. பக்கம் சொல்லாமல் பேசினால் அது செய்தி வாசிப்பு. நீங்கள் வாயை மூடிக்கொண்டால் வீடியோவில் கத்துகிற யாரோ ஒருவர் அவளுக்கு அரசியல் ஆசான் ஆகிவிடுவார். அவருக்கு எந்தக் கூச்சமும் கிடையாது.

எங்கள் வீட்டில் நான் யாருக்குப் போடுகிறேன், எதனால் போடுகிறேன் என்று பிள்ளைகளுக்கு ஒளிவுமறைவில்லாமல் தெரியும். மறுத்துப் பேசவும் உரிமை உண்டு. ரகசிய வாக்கு என்று சட்டம் வைத்ததே அடியாளுக்கும் அதிகாரத்துக்கும் பயந்தவர்களைக் காப்பாற்றத்தான். ஒன்பதாவது படிக்கிற பெண்ணிடமிருந்து உங்களைக் காப்பாற்ற இல்லை.

தெக்கத்தி மருமகள்:

ரெண்டு பேரும் பெரிய தத்துவம் பேசுறீங்க. எங்க வீட்டுப் பிரச்சினை ஓட்டுக்குக் காசு வெச்சுக் குடுக்குற கவர்.

வாக்காளர் பட்டியலோட அந்தந்தப் பக்கத்தைப் பிளாஸ்டிக் உறையில போட்டு எடுத்துட்டு வர்றாங்க. "இந்த வீட்டுல நாலு ஓட்டுதானே?" அப்படின்னு கேட்டு, பேருக்கு நேரா பென்சில்ல ஒரு டிக். அவ்வளவுதான், முடிஞ்சது. வர்றது வேத்து ஆளு கிடையாது, மகளிர் குழுவுல எங்கூட உட்கார்ற அக்கா. மூஞ்சியில அடிச்ச மாதிரி வேண்டாம்னு சொல்ல முடியுமா? நான் யோசிக்கிறதுக்குள்ள மாமியார் வாங்கி முந்தானையில முடிஞ்சாச்சு.

அஞ்சாவது படிக்கிற என் பையன் எல்லாத்தையும் பாத்துட்டு நின்னான். மறுநாள் எதிர்க்கட்சிக் கவர். அதையும் பாத்தான். "ரெண்டு பேருகிட்டயும் வாங்குனா ரெண்டுக்கும் போடணுமா அப்பத்தா?"ன்னு கேட்டான். "வாங்குறது வேற, போடுறது வேறடா. அவன் என்ன அவங்கப்பன் சொத்தையா வித்துக் குடுக்கான்? நம்ம காசுதானே"ன்னாங்க. பையன் என்னைப் பாத்தான். எனக்கு வாய் வரல. வாசல்திண்ணை அண்ணே, இதுக்கு என்ன சொல்றது?

கறார்பேர்வழி:

அக்கா, சட்டம் தெளிவாகவே இருக்கிறது. கொடுப்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் குற்றம்தான். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 171பி, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 170. ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற பேர் 2009 இடைத்தேர்தலில் வந்தது. 2016-ல் தஞ்சாவூர், அரவக்குறிச்சி, 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர், 2019-ல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதி, எல்லாம் பண விநியோகப் புகாரில் ரத்தானவை. வேலூரில் ஓட்டுப்பதிவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது நிறுத்தினார்கள், அப்புறம் ஆகஸ்டில்தான் நடந்தது. இதையெல்லாம் பையனிடம் சொல்லுங்கள். அப்பத்தா செய்வது தப்பு என்று அவனுக்கு நேராகச் சொல்லுங்கள்.

தெக்கத்தி மருமகள்:

அப்பத்தா முன்னாடியா? நீங்க எங்க வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இருந்து பாருங்க.

வாசல்திண்ணை:

தங்கச்சி, உங்கள் மாமியார் சொன்னதில் பாதி சரி என்பதுதான் இதில் சிக்கல். வாங்கினால் போட்டாக வேண்டும் என்று எந்தச் சத்தியமும் செல்லாது, ஏனென்றால் யாருக்குப் போட்டார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. அந்த வயதில் இருக்கிறவர்களுக்கு மனு எழுதாமல், வரிசையில் நிற்காமல், வீடு தேடி ஒன்று வருவது இந்த ஒரு சமயத்தில்தான். அவர்களைத் திருடி மாதிரிப் பேரன் முன்னால் நிறுத்த எனக்கு மனசு வராது.

மீதிப் பாதியைப் பையனிடம் பேசலாம். "நம்ம காசுதானே" என்கிறார்களே, அப்படியானால் அது நமக்கு ரோடாகவும் பள்ளிக்கூடக் கழிப்பறையாகவும் வந்திருக்க வேண்டாமா? அஞ்சாவது படிக்கிற பையனுக்கு இது புரியும். அவன் பள்ளிக் கழிப்பறை எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாகவே நீளும்.

எங்கள் வீட்டில் வாங்குவதில்லை. மறுப்பதிலும் ஒரு பக்குவம் வேண்டியிருக்கிறது. "வேண்டாங்க, எங்க பேரை விட்டுடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். கொண்டு வருபவர் நம் தெருக்காரர், அவருக்குப் பாடம் எடுக்க நான் யார்? பிள்ளைகள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். அதற்குமேல் விளக்கம் எதுவும் கொடுத்ததில்லை.

கறார்பேர்வழி:

ஆக, இதிலும் மௌனம்! ஓட்டிலும் மௌனம், கவரிலும் மௌனம். சிரித்து அனுப்பி வைத்தால் அந்த ஆள் பட்டியலில் 'சந்தேகம்' என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். தேர்தல் விதிமீறலைப் புகார் செய்யும் சி-விஜில் செயலி கையில் இருக்கிறது, ஒரு புகைப்படம் எடுத்துப் போட்டால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்று தேர்தல் ஆணையம் சொல்கிறது. செய்திருக்கிறீர்களா?

வாசல்திண்ணை:

இல்லை. செய்யவும் மாட்டேன். கூலிக்குக் கவர் சுமக்கும் பெண்ணைப் படம் பிடிப்பது என் பிள்ளைகளுக்கு நான் காட்ட விரும்பும் வீரம் இல்லை. கவரை எண்ணி அடுக்கியவர் வேறு எங்கேயோ ஏசி அறையில் இருக்கிறார்.

கல்வெட்டுக் கிறுக்கன்:

குறுக்கே ஒன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டில், ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறையில், குடத்துக்குள் கைவிட்டு ஓலை எடுத்ததே ஒரு சின்னப் பையன்தான். உள்ளே இருப்பதை அறியாத பாலகன், எடுப்பது யார் பேர் என்று அவனுக்கே தெரியாது. அதனால் பிள்ளைகளுக்கும் தேர்தலுக்கும் உள்ள உறவு நம் ஊரில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. கணக்குக் காட்டாதவன் பேர் குடத்துக்குள்ளேயே போகாது என்பதும் அதே கல்வெட்டில்தான் இருக்கிறது. அதை இப்போது நினைத்தால் பெருமூச்சு வருகிறது.

நெறியாளர்:

கட்சிப் பெயர் போட்டுத் திட்டிய இரண்டு பின்னூட்டங்கள் நீக்கப்பட்டன. கல்வெட்டுக்குத் தனி இழை தொடங்கலாம். இங்கே பிள்ளை வளர்ப்பை விட்டு நகர வேண்டாம்.

சாவடி டீச்சர்:

தேர்தல் பணியில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பழகியவள் என்ற முறையில் சில விஷயங்கள்.

பிள்ளைகளைக் கூட்டி வருபவர்களுக்கு: 1961-ம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 49டி என்று ஒன்று உண்டு. வாக்காளரோடு சாவடிக்குள் வர அனுமதி கைக்குழந்தைக்குத்தான். பள்ளிக்குப் போகிற பிள்ளையைத் தலைமை அலுவலர் வாசலிலேயே நிறுத்தினால் கோபப்படாதீர்கள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு "நீ அமுக்குடா செல்லம்" என்று சொல்லும் அப்பாக்கள் தயவுசெய்து வேண்டாம். அது விளையாட்டுச் சாமான் இல்லை.

பிரசாரத்துக்குப் பிள்ளைகளை இழுப்பதைப் பற்றி 2024 பிப்ரவரியில் ஆணையம் கண்டிப்பாகவே சொல்லிவிட்டது. துண்டறிக்கை கொடுப்பது, கோஷம் போடுவது, சுவரொட்டி தூக்குவது எதற்கும் சிறுவர்களைப் பயன்படுத்தக்கூடாது. பெற்றோரோடு வந்து தலைவருக்குப் பக்கத்தில் சும்மா நிற்கும் பிள்ளை மட்டும் விதிமீறலில் சேராது. வாசல்திண்ணை சாரின் மகன் வீட்டுக்குள் ஆட்டோ மாதிரிப் பேசுவது எந்த விதியிலும் வராது, பயப்பட வேண்டாம்.

இனி கறார்பேர்வழி சாருக்கு. ரகசிய வாக்கு அடியாளுக்குப் பயந்தவர்களுக்கு என்றீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். மறைப்பு அட்டைக்குப் பின்னால் மனைவி நிற்கிறாள். விரலில் மை காயக் கையை விரித்துக்கொண்டு, கணவர் எட்டிப் பார்க்கிறார். "தள்ளி நில்லுங்க" என்று நாங்கள் சத்தம் போட்ட பிறகும் "எங்க வீட்டம்மாதான், தப்பா அமுக்கிடக் கூடாதுல்ல" என்கிறார். அந்த அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு விரலை எடுத்துக்கொள்கிறாள். அவர் நகர்ந்த பிறகுதான் பீப் சத்தம் கேட்கிறது. அவள் யாருக்குப் போட்டாள் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. இந்த ரகசியம் வீட்டு ஆட்களிடமிருந்தும்தான் சார். இப்படி எட்டிப் பார்ப்பவர்கள் எல்லாரும் வீட்டில் தங்கள் ஓட்டை 'ஒளிவுமறைவில்லாமல்' சொல்பவர்களாகத்தான் இருப்பார்கள் என்பது என் ஊகம்.

கறார்பேர்வழி:

டீச்சர், எட்டிப் பார்ப்பவனும் நானும் ஒன்றா? நான் என் ஓட்டைச் சொல்கிறேன், அவர்கள் ஓட்டைக் கேட்கவில்லை. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

சாவடி டீச்சர்:

உங்களுக்குத் தூரம். சோறு போடுகிற அப்பா ஒரு சின்னத்தைச் சொல்லிவிட்டு "உன் இஷ்டம்" என்றால், பிள்ளை காதில் முதல் பாதிதான் விழும்.

பதினேழரை:

நான் இந்த இழையில ஓட்டே இல்லாத ஒரே ஆளுன்னு நினைக்கிறேன். 17 முடிஞ்சா வாக்காளர் பட்டியல்ல பேர் சேர்க்கிற படிவம் 6 முன்கூட்டியே கொடுக்கலாம், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஒண்ணாம் தேதி கணக்குல எதுக்குள்ள 18 ஆகுதோ அதுல பேர் சேரும். கொடுத்தாச்சு.

வாசல்திண்ணை அங்கிள், எங்க அப்பாவும் உங்களை மாதிரிதான், சொல்லவே மாட்டார். ஆனா எந்தத் தலைவர் டிவியில பேசினா வால்யூம் கூட்டுறார், யார் வந்தா "தண்ணி கொண்டா"ன்னு எழுந்து போறார்னு எனக்கு ஆறாவதுலயே தெரியும். உங்க பொண்ணுக்கும் தெரிஞ்சிருக்கும். அவ கேட்டது பதில் தெரியாம இல்ல, நீங்க சொல்றீங்களான்னு பாக்க.

கறார் அங்கிளுக்கு ஒரு கேள்வி. மறுத்துப் பேச உரிமை இருக்குன்னு சொன்னீங்க. உங்க வீட்ல உங்களை மறுத்து எவ்வளவு நேரம் பேசலாம்? நீங்க நடுவுல "உனக்கு அந்தக் காலம் தெரியாது"ன்னு சொல்ற வரைக்குமா?

ரெண்டு வீட்லயும் ஒண்ணு நடக்கல. "நீ யாருக்குப் போடுவே, ஏன்?"னு எங்ககிட்ட யாரும் கேக்கல. கேட்டுட்டு, பதிலுக்கு எதுவும் சொல்லாம சும்மா இருக்கணும். அதுதான் உங்களுக்குக் கஷ்டம்னு தோணுது.

கறார்பேர்வழி:

பாப்பா, நல்லாப் பேசுறே. ஆனால் "உனக்கு அந்தக் காலம் தெரியாது" என்பது உண்மைதானே? எமர்ஜென்சி பற்றி நான் சொல்லாமல் யார் சொல்வார்கள்?

பதினேழரை:

பாத்தீங்களா.

வாசல்திண்ணை:

வால்யூம் விஷயம் கொஞ்சம் இடித்தது. நேற்று டிவி ரிமோட்டை மகளிடமே கொடுத்துவிட்டேன். மற்றபடி என் நிலை மாறவில்லை. அவள் ஊகிப்பது அவள் சாமர்த்தியம். ஊகமும் நான் வாயால் சொல்வதும் ஒன்றில்லை. ஊகித்ததை அவள் நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம், அப்பா வாக்கு என்று நெஞ்சில் சுமக்க வேண்டியதில்லை. பதினேழரை சொன்ன கேள்வியைக் கேட்டுப் பார்க்கிறேன். சும்மா இருப்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.

கறார்பேர்வழி:

ரிமோட் அவளிடம் இருந்தால் எந்த சேனல் ஓடுகிறது என்று பார்த்து அவள் யாருக்கு என்று நீங்கள் கண்டுபிடித்துவிடலாம். நல்ல ஏற்பாடு சார்!

தெக்கத்தி மருமகள்:

அண்ணே, நீங்க சொன்ன மாதிரி ரோடு, கழிப்பறை எல்லாம் பையன்கிட்ட சொன்னேன். பொறுமையாத்தான் கேட்டான். கதவே இல்லாத கழிப்பறைன்னு அவனே சொன்னான். எனக்குச் சந்தோஷமாகிப் போச்சு. அப்புறம் கேக்குறான், "அம்மா, நாலு பேருக்குத்தானே டிக் போட்டாங்க, என் பேரு எப்போ அந்தப் பேப்பர்ல வரும்?" 18 வயசு ஆகணும்டான்னேன். விரல் விட்டு எண்ணிட்டு, "அப்பவும் இதே ரேட்டுதான் குடுப்பாங்களா, கூட்டுவாங்களா?"ங்கிறான். அப்பத்தா சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டுல இருந்து வந்து என்னன்னு கேட்டுட்டுப் போறாங்க.

டீச்சர், நீங்களாவது சொல்லுங்க. இவனுக்கு அடுத்து எதைச் சொல்றது?