ஸ்பில்ஓவர்: ‘பரவல்’ வேண்டாம், ‘கடப்புத்தொற்று’ ஆகுமா?

ஓர் உயிரினத்தின் வைரஸ் வேறோர் உயிரினத்துக்குத் தொற்றுவதுதான் ஸ்பில்ஓவர் (spillover). நம் கலைச்சொல் பட்டியலில் அதைப் ‘பரவல்’ என்று எழுதுவதை நாம் விட்டுவிட வேண்டும். பரவல் என்றாலே ஆளிடமிருந்து ஆளுக்கு என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். 1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 என்ற பறவைக்காய்ச்சல் வைரஸ் தொற்றியது 18 பேருக்கு. 6 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் உயிர்க்கோழிச் சந்தைகளிலிருந்து வந்த தொற்று அது. மனிதரிடையே சங்கிலி நீளவில்லை. ஆண்டுக் கடைசியில் அங்கிருந்த கோழிகளையெல்லாம் அழித்ததும் புதிய நோயாளிகள் வருவது நின்றது.

நடப்பது என்னவென்று பார்த்தால் சொல்லும் தெளிவாகும். கோழியின் எச்சத்திலும் மூச்சுச்சளியிலும் வைரஸ் இருக்கும். அறுத்து, வெந்நீரில் முக்கி, இறகு பிடுங்கும் எந்திரத்தில் சுழற்றும்போது அது நுண்துளியாகக் கிளம்பி மூக்கிலும் கண்ணிலும் படும். வைரஸ் நம் செல்லில் ஒட்டிக்கொள்வது அதன் மேற்பரப்பிலுள்ள எச் புரதத்தால்; ஒட்டும் இடம் செல்லின் மேலுள்ள ஏற்பி. பறவை வைரஸின் எச் புரதம் தேடுவது ஆல்பா 2,3 வகைச் சியாலிக் அமில ஏற்பியை. நம் மூக்கிலும் தொண்டையிலும் மிகுந்திருப்பதோ ஆல்பா 2,6. ஆல்பா 2,3 இருப்பது நுரையீரலின் ஆழத்தில், கண்ணின் படலத்தில். அதனால்தான் எளிதில் தொற்றாது; ஆழத்தில் பிடித்துவிட்டால் நிமோனியா கடுமையாகும், ஆனாலும் அடுத்தவருக்குச் சுலபமாகப் போகாது. நெதர்லாந்தில் 2003இல் எச்7என்7 தொற்றிய 89 பேரில் பெரும்பாலோருக்கு வந்தது கண் அழற்சிதான். ஒரு கால்நடை மருத்துவர் மட்டும் இறந்தார்.

‘வழிவு’ என்ற பரிந்துரை எனக்கு ஒப்பவில்லை. கோழிகளிடம் நோய் பொங்கி நிற்பதுபோல் அது காட்டுகிறது. 2013இல் சீனாவில் மனிதருக்குத் தொற்றிய எச்7என்9 கோழிகளிடம் நோய்க்குறியே காட்டவில்லை. ‘இனத்தாவல்’ என்றால் இனம் மக்களினம் என்றாகிவிடும். ‘கடப்புத்தொற்று’ என்று வைக்கலாம். வினையும் எளிது: வைரஸ் கோழியிலிருந்து மனிதருக்குக் கடந்தது. அதன்பின் மனிதருக்குள் போவதற்கு மட்டும் ‘தொடர்பரவல்’.

> மனிதருக்குள் போவதற்கு மட்டும் ‘தொடர்பரவல்’

பதில்: கடப்புத்தொற்றை ஏற்கிறேன். இந்த வரையறை மட்டும் குறுகல். 2024இல் அமெரிக்கக் கறவை மாடுகளுக்குள் எச்5என்1 மாட்டிலிருந்து மாட்டுக்குப் போனது, அதுவும் தொடர்பரவல்தானே? ‘புதிய ஓம்புயிருக்குள் (வைரஸ் தங்கிப் பெருகும் உயிரினத்துக்குள்) தொடர்ந்து பரவுதல்’ என்று திருத்துங்கள். 2009இன் எச்1என்1 பன்றிக்காய்ச்சல் வைரஸ் மனிதரிடமிருந்து பன்றிகளுக்குத் திரும்பப் போனதே, அதற்கு ‘எதிர்க்கடப்பு’ என்று பட்டியலில் சேர்த்துவிடலாம்.